அவிழ்த்துக் கொட்டிய இலைகள்

1

மகள் வீட்டை விட்டுப் போன கிழமைதான் எங்கள் கட்டட முற்றத்து மேப்பிள் மரத்தில் முதல் மஞ்சள் இலையைக் கண்டேன். குசினி யன்னலடியில் தேநீரோடு நின்றபோது, அது பச்சைக்கு நடுவே முதல் நரைமுடி மாதிரி ஒற்றையாகத் தெரிந்தது. "கோடை முடிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆள் இல்லை. இவர் வேலைக்குப் போயிருந்தார். மகளின் கதிரையில் அவளுடைய பழைய கம்பளிச் சட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில் வளர்ந்தவள். பெயர் ரெஜினா. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கலியாணம் கட்டி நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்தேன். இங்கேயும் மலை சூழ்ந்த துறைமுகம், கரையோடு ஆழமான கடல். "திருகோணமலையைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைச்சால் பேர்கன்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் இவர் சொல்வார். இவர் என்றால் என் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஏறுகிறவரோடும் கதை, இறங்குகிறவரோடும் கதை. வீட்டுக்குரிய கதை முழுவதையும் அவரே கதைத்துவிடுவதால் என் பங்கு செலவாகாமலே கிடந்தது.

மொழி தெரியாது என்று சொல்ல ஏலாது. ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து மடிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அங்கே சொல்வதெல்லாம் விளங்கும். பதில்தான் தொண்டையில் நின்றுவிடும். வினைச்சொல்லை இங்கே வைப்பதா அங்கே வைப்பதா என்று நான் யோசித்து முடிக்கிற நேரத்துக்குக் கேட்டவர் போய்விடுவார். ஊரிலும் நான் அப்படித்தான். கடைக்குப் போனால் எல்லோரும் வாங்கி முடியும்வரை ஓரமாக நிற்பேன்.

மகள் ஷெரின் சின்ன வயதிலிருந்தே எனக்காகத் தொலைபேசியில் கதைக்கிறவள். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, "வணக்கம், நான் ரெஜினா கதைக்கிறேன்" என்று தொடங்குவாள். பல் வைத்தியர், நகரசபை, மின்சாரக்காரர் எல்லோருக்கும் அந்தக் குரல்தான் ரெஜினா. ஒருமுறை பல் வைத்தியரிடம் நேரில் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் என் வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு, "தொண்டை சரியில்லையா?" என்று பரிவோடு கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அந்த ஷெரினுக்குத்தான் வடக்கே துரொம்சோ நகரத்தில் கடல் உயிர்கள் பற்றிய படிப்பு கிடைத்தது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் ஆசைப்பட்ட படிப்பு. இங்கிருந்து விமானத்தில் போகவேண்டும். ஓகஸ்ட் மாதம் விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்.

"அம்மா, நான் ஒக்டோபர் கடைசியில வருவன். அப்பவும் நீங்கள் ஒருத்தரோடயும் கதையாமல் இப்பிடியே வீட்டுக்குள்ள இருந்தியள் எண்டால், நான் திரும்பிப் போகமாட்டன். இஞ்சயே ஏதாவது படிப்பன்."

"என்னடி வெருட்டுறாய்?"

"வெருட்டேல்ல. உண்மையாத்தான் சொல்லுறன்."

அவள் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. போன முதற்கிழமையிலேயே, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் வெளியே வந்து, என் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவனோடு ரெஜினாவாகக் கதைத்திருந்தாள். அன்று ஒரு வகுப்புக்குப் பிந்திப் போனதாக இவரிடம் சொல்லியிருக்கிறாள். என் வாய்க்காகப் பிள்ளையின் படிப்பு நின்றால், பிறகு அந்த வாய் எனக்கு எதற்கு?

2

ஊரில் இருப்பவர்கள் இலையுதிர்காலம் என்றால் சோகம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எனக்கு இங்கே மிகவும் பிடித்த காலம் இதுதான். இந்த முறை அதை வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்த்தேன். வீட்டில் கவனிக்க வேறு ஆள் இல்லாததாலும் இருக்கலாம்.

கோடையில் எங்கள் வேலைத்தலம் அடுப்பு. காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தொட்டால் கை சுடும். செப்டம்பர் பிறந்ததும் அதே விரிப்பு இதமாகிவிடும். காலையில் விறைத்த விரல்களோடு போய் முதல் விரிப்பைக் கையில் வாங்கும்போது, அப்போதுதான் குளித்துவிட்ட குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். மேற்பார்வைக்காரி பார்க்காத நேரத்தில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் மடிக்கிற போலந்துப் பெண்ணும் அப்படிச் செய்வதை ஒருநாள் கண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அலுமாரியிலிருந்து குளிர் அங்கியை எடுத்தால் பைக்குள் போன வருடத்து இஞ்சி மிட்டாய் ஒன்று. உறை பிரிக்காதது. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வேலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு மதிலடியில் ஒவ்வொரு வருடமும் ஒரு பெட்டி அப்பிள் வைப்பார்கள். அவர்கள் மரத்தில் காய்த்தது. விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். இத்தனை வருடமும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், கை நீட்டியதில்லை. யாரும் யன்னலால் பார்த்தால் என்ன செய்வது? இந்த முறை ஒன்றை எடுத்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கிழவி யன்னலுக்குள் நின்று கையை ஆட்டினார். இரண்டு, இன்னும் இரண்டு என்று விரலால் காட்டினார். வேறு வழியில்லாமல் கைப்பையை நிரப்பிக்கொண்டு வந்தேன். சீனி போட்டுக் கறுவாவோடு அவித்தால் வீடு முழுக்க மணம்.

இதையெல்லாம் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"கிழவியோட என்ன கதைச்சனீங்கள்?"

"கதைக்கேல்ல. அவ விரலைக் காட்டினவ."

"அது கணக்கில்ல, அம்மா."

3

ஒக்டோபர் தொடங்கியதும் படிக்கட்டடியில் அறிவித்தல் ஒட்டினார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லா வீட்டாரும் முற்றத்துக்கு வரவேண்டும், இலை வாரவேண்டும். இங்கே இதற்கு டுக்னாட் என்று பெயர். நம்முடைய சிரமதானம்தான். நான் ஒருமுறையும் போனதில்லை. இவரும் மகளும் போவார்கள், நான் யன்னலால் பார்ப்பேன். இந்த முறை மகள் இல்லை. இவருக்குச் சனிக்கிழமை வேலை.

"நீ போய் நில்லன்" என்றார் இவர். "வாயைத் திறக்கத் தேவையில்ல. விளக்குமாறு கதைக்கும்."

எனக்கு விருப்பமில்லை. ஆனால் மகளின் கணக்கில் விழக்கூடிய ஒரு நாள் அது. போவது என்று முடிவெடுத்தேன்.

சிரமதானம் எனக்குப் புதிது இல்லை. எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை பங்கு ஆட்கள் எல்லோரும் வளவைத் துப்புரவாக்க வருவார்கள். கச்சான் காற்று வீசி முடிகிற காலம். மரமெல்லாம் இலையைக் கொட்டியிருக்கும். கோயில் மதிலோடு நின்ற கொட்டங்காய் மரத்தின் இலை மட்டும் விழமுன் செக்கச்செவேலென்று சிவக்கும். இந்த நாட்டு மரங்களைப் பார்க்கிறபோது எனக்கு அந்த ஒரு மரம்தான் ஞாபகம் வருகிறது. ஆண்கள் மண்வெட்டியோடு ஆறுதலாக வருவார்கள். அதற்கு முன்பே, இருட்டோடு, ஒழுங்கைப் பெண்கள் நாங்கள் போய் முற்றத்தைக் கூட்டி முடித்திருப்போம். சிரமதானத்துக்கு வருகிறவர்களுக்காகவே கூட்டுவோம். அம்மா சொல்வா, "வாற ஆளுக்குக் குப்பையைக் காட்டக்கூடாது." துப்புரவாக்க வருகிறவர்களுக்கு ஏன் துப்புரவாக்கி வைக்கவேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்றால் முற்றம் கூட்டியிருக்கவேண்டும். அவ்வளவுதான்.

தங்கச்சி இப்போதும் திருகோணமலையில்தான் இருக்கிறாள், கோட்டைப் பக்கமாக. அவள் கூட்டிக் குவிக்கிற சருகை மான்கள் வந்து கிளறிவிட்டுப் போகுமாம். போன வருடம் ஊரால் வந்த ஒருவரிடம் எனக்கு ஈர்க்கு விளக்குமாறு ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தாள். அது அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. வெள்ளிக்கிழமை எடுத்துத் தூசு தட்டினேன். தொலைபேசியில் அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.

"நோர்வேக்குப் போயும் முத்தம் கூட்டுறியோ? இதுக்கு நீ இஞ்சயே இருந்திருக்கலாமே. மானுக்கும் ஒரு ஆள் வேணும்."

4

சனிக்கிழமை நேரத்தோடு விழித்துவிட்டேன். அந்தக் கிழமை பேர்கனில் அதிசயமாக மழை இல்லை. இலைகள் காய்ந்து மொறுமொறுவென்று கிடந்தன. வெளியே இன்னும் இருட்டு. யன்னலால் பார்த்தேன். விளக்குக் கம்பத்துக்குக் கீழே முற்றம் முழுக்க மஞ்சளும் சிவப்பும். பதினொரு மணிக்கு இத்தனை பேர் வரப்போகிறார்கள், முற்றம் இப்படிக் கிடக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கால் தானாகச் சப்பாத்துக்குள் போனது. கை விளக்குமாற்றை எடுத்தது.

எத்தனை காலத்துக்குப் பிறகு குனிந்து முற்றம் கூட்டுகிறேன்! முதலில் இடுப்பு மறுத்தது. பிறகு பழகிய தாளம் வந்துவிட்டது. ஈர்க்கு தரையில் உரசுகிற அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு பசித்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குளிர்ந்த காற்று, இலை மணம், மலையில் ஒவ்வொன்றாக ஏறுகிற வீட்டு வெளிச்சங்கள். அறிவித்தலோடு வைத்திருந்த பெரிய பைகளை ஒவ்வொன்றாக நிரப்பி, வாய் கட்டி, சுவரோடு சாத்தினேன். விடிகிறபோது சரளை மண்ணில் என் விளக்குமாற்றுக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. யாரும் மிதிக்கமுன் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

மேலே வந்து குளித்தேன். நல்ல சட்டை போட்டேன். கடலைப் பருப்பு அரைத்து வடை சுட்டேன். சிரமதானத்துக்கு வெறுங்கையோடு போவதா?

பதினொரு மணிக்கு யன்னலால் பார்த்தபோதுதான் விஷயம் தலைக்குள் ஏறியது.

எல்லோரும் வந்திருந்தார்கள். கையில் நீளப் பிடி வைத்த வாரிகள், கையுறைகள், தள்ளுவண்டி ஒன்று. சின்னப் பிள்ளைகள் கையில் சின்ன வாரிகள். நடுவில் குடியிருப்பாளர் குழுத் தலைவர் ஊலா, ஓய்வுபெற்ற உயரமான மனிதர், இடுப்பில் கை வைத்தபடி நின்றார். ஓர் இலைகூட இல்லை. ஆட்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். கலியாண வீட்டுக்கு வந்து சாப்பாடு முடிந்துவிட்டது என்று கேட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்கு இலை ஒரு சாட்டு. வருடம் முழுக்க வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள், ஒன்றாக நின்று கதைப்பதற்கு வைத்திருந்தது அந்த இலைகளைத்தான். நான் அதைப் பையில் கட்டி வைத்துவிட்டேன்.

இவருக்கு அழைத்தேன். கடைசித் தரிப்பிடத்தில் நின்றார்போல, உடனே எடுத்தார். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரியாதேங்கோ. நான் கீழ போகமாட்டன். நான்தான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"போ. குப்பையைத் திருடிப்போட்டாள் எண்டு ஒருத்தரும் பொலிசுக்கு அடிக்கமாட்டினம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஷெரின் இண்டைக்கு இரவு கேப்பாள். என்ன சொல்லப்போறாய்?" என்றார்.

வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படியில் இரண்டு தரம் நின்றேன். கதவைத் திறந்ததும் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"நான்" என்றேன். "நான் செய்கிறேன். காலை." செய்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். "எங்கள் நாட்டில்… ஆட்கள் வர முன்."

ஊலா வாயைத் திறந்தார். அதற்குள் இரண்டாம் மாடிச் சிறுமி, இடுப்பளவு உயரம், கையில் சிவப்பு வாரி, உதடு பிதுக்கி அழத் தொடங்கிவிட்டாள். இலைக் குவியலுக்குள் பாயலாம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா குனிந்து ஏதோ சமாதானம் சொன்னாள். அழுகை கூடியது.

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த எனக்கு நோர்வே மொழியில் ஒரு சொல்லும் வரவில்லை. வடைத் தட்டை ஊலாவின் கையில் கொடுத்தேன். சுவரடிக்குப் போனேன். ஒரு பையின் கட்டை அவிழ்த்தேன். நான் கூட்டிய, கோடு விழுந்த அந்த முற்றத்தின் நடுவில் தலைகீழாகக் கொட்டினேன்.

அம்மா கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

சிறுமி அழுகையை நிறுத்திப் பார்த்தாள். நான் அடுத்த பையை இழுத்தேன். அதற்குள் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். ஆளுக்கொரு பையாக அவிழ்த்துக் கொட்டத் தொடங்கினார்கள். சிறுமி கண்ணை மூடிக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தாள். பின்னால் மற்றப் பிள்ளைகள். ஊலா வடைத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "கவனம், கவனம்" என்று சத்தம் போட்டார். அவர் வாயில் ஏற்கெனவே ஒரு வடை இருந்தது.

பிறகு எல்லோருமாக மறுபடி வாரினோம். ஊலா என் விளக்குமாற்றை வாங்கிக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்கள் நாட்டில் எல்லோரும் இப்படிக் குனிந்துதான் கூட்டுவார்களா?"

"பெண்கள் மட்டும்" என்றேன். "ஆண்கள் பிறகு வருவது. தேநீர் குடிப்பது."

அவர் அதைத் திருப்பி மற்றவர்களுக்குச் சொன்னார். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்கள். என் பிழையான வாக்கியம் ஒன்று அப்படியே கைமாறிப் போய்ச் சிரிப்போடு திரும்பி வந்ததை நான் அன்றுதான் கண்டேன். அதன் பிறகு கோப்பி, வாஃபிள், மிச்ச வடை. எத்தனை மணிக்கு மேலே வந்தேன் என்று தெரியாது. இரவு, பைகளை அவிழ்த்துக் கொட்டிய கதையை மகளிடம் சொன்னபோது, "நேரில பாத்தால்தான் கணக்கு" என்றாள்.

5

மாதக் கடைசியில் மகள் வந்தாள். ஊரில் வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டதாகத் தங்கச்சி சொன்ன அதே நாள். இங்கே மரங்கள் மொட்டையாகிவிட்டன. ஐந்து மணிக்கே குசினியில் விளக்குப் போடவேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பழக்கத்தில் மகள்தான் எழுந்து போனாள். ஊலா நின்றார்.

"ரெகீனா இருக்கிறாரா?" என் பெயரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"என்ன விஷயம்? என்னிடம் சொல்லுங்கள், நான் அம்மாவிடம் சொல்கிறேன்" என்றாள் மகள், தொலைபேசி ரெஜினாவின் குரலில்.

ஊலா அவளைப் பார்த்தார். அவளுக்கு மேலால் எட்டி உள்ளே பார்த்தார். "ரெகீனாவிடம்தான் கேட்கவேண்டும்."

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் இலை புகுந்துவிட்டதாம். நீளப் பிடி வாரி மூலைக்குள் போகாதாம். விளக்குமாறு வேண்டும். நான் போய்க் கதைத்தேன். நாளைக்குத் தருவதா, இப்போதே தருவதா, பிடியைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது என்று கொஞ்சம் நேரம் போனது. இரண்டு இடத்தில் வினையைப் பிழையாக வைத்தேன். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். திருத்த வாய் எடுத்ததையும் மூடியதையும் கண்டேன்.

கதவைச் சாத்தியதும் நான் கேட்டேன். "இது கணக்கோ?"

"கணக்குத்தான்" என்றாள். சிரிக்கவில்லை. மேசைக்கு வந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப திரும்பிப் போவாய்தானே?"

அளைந்த கையை எடுத்தாள். "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அம்மா. விடுதியில எல்லாருக்கும் ஒரு குசினிதான். நான் ஆக்கள் இல்லாத நேரம் பாத்துச் சமைச்சு, சோத்துக் கோப்பையை அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுறன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். பல் வைத்தியரோடும் நகரசபையோடும் கதைத்த பிள்ளை. ரெஜினாவாக இருந்தால் யாரோடும் கதைப்பாள். ஷெரினாகத்தான் ஏலாது. நான் கதைக்காவிட்டால் திரும்பிப் போகமாட்டேன் என்று அவள் சொன்னதில், போகாமல் நிற்க ஒரு சாட்டும் இருந்திருக்கிறது. என் பிள்ளைதான், வேறு யாருடைய பிள்ளை?

புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. கடலைப் பருப்பு ஒரு பை, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் கட்டி அவளுடைய பெட்டிக்குள் வைத்தேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுடைய சொல்லையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

"டிசம்பரில நத்தாருக்கு வருவாய்தானே. அப்பவும் நீ ஒருத்தரோடயும் கதையாமல் அறைக்குள்ள இருந்தாய் எண்டால், நான் அங்க வந்து நிப்பன். உன்ரை குசினியில நிண்டு எல்லாரோடயும் கதைப்பன்."

"ஐயோ அம்மா, வேண்டாம்" என்றாள் உண்மையான பயத்தோடு.

போன ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டடத்துக்கு வெளியே முதற்பனி. அதில் காலுறையோடும் போர்வையோடும் இளம் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். நடுவில் ஷெரின், தலையைக் குனிந்து, கையில் சட்டி. வடை சுட்டிருக்கிறாள். எண்ணெய்ப் புகைக்குத் தீ மணி அடித்து மாடி முழுவதையும், இலைப் பையைக் கவிழ்த்த மாதிரி, பனிக்குள் இறக்கிவிட்டதாம். படத்தில் ஒருவரும் கோபமாக இல்லை. முக்கால்வாசிப் பேர் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "நானும் கொட்டிப்போட்டன், அம்மா."